பழைய விதியில் கடைசி இரவு

மில்வாக்கி நகரில், எங்களில் ஒருவருடைய வீட்டு நிலவறையில் ஒரு நீண்ட மேசை கிடக்கிறது. 2004ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் தொட்டு, வெள்ளிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஆறு பேர் அதைச் சுற்றி அமர்ந்து வருகிறோம். ஒரு செவிலியர், ஒரு நூலகர், ஒரு பள்ளி ஆசிரியர், வரிக் கணக்குப் பார்க்கும் ஒருவர், கணிப்பொறி வேலைக்காகக் கடல் கடந்து வந்த தமிழர் இருவர். எங்களை ஒன்றாக அமர்த்தியது உறவும் அல்ல, மொழியும் அல்ல, ஒரு விளையாட்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர்.

அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். இதில் காய்களை நகர்த்தி வெல்வதற்கு ஒன்றுமில்லை. ஒருவர் உலகத்தை விவரிப்பார். அவரை டிஎம் என்று அழைப்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்ற ஐயம் எழும்போது பகடை உருட்டப்படும். சிறுவயதில் திருடன் போலீஸ் ஆடியவர்களுக்கு நினைவிருக்கும்: 'நான் சுட்டுவிட்டேன், நீ செத்துப்போனாய்', 'இல்லை, என்மேல் படவே இல்லை'. அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கப் பெரியவர்கள் எழுதிய சட்டப் புத்தகம் என்று இந்த விளையாட்டின் விதிநூல்களைச் சொல்லலாம். சட்டம் என்றால் திருத்தமும் வரும். திருத்தம் வந்தால் அதில் தேர்ந்தவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் வரும். இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

எங்கள் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர் இருக்கிறது. 1974 ஜனவரியில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய மூன்று சிறு நூல்கள், மரப்பலகை போல அச்சிட்ட ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அங்கிருந்துதான் வெளியாயின. முதல் அச்சில் ஆயிரம் பெட்டிகள். 1977 முதல் 1979 வரை அதன் விரிந்த வடிவம் மூன்று தடித்த நூல்களாக வந்தது. பிறகு 1989இல் இரண்டாம் பதிப்பு, 2000இல் மூன்றாம் பதிப்பு, 2003இல் அதன் திருத்தமான மூன்றரை, 2008இல் நான்கு, 2014இல் ஐந்து. மூன்றரை என்று ஒரு பதிப்புக்குப் பெயரிட முடியுமா என்று சிரிக்க வேண்டாம். நாங்கள் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தது அந்த மூன்றரைக்குள்தான்.

*

மூன்றரையின் இயல்பு, உலகில் நடக்கக்கூடிய எதையும் விதியில்லாமல் விடக்கூடாது என்ற பிடிவாதம். மல்லுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனைக் கட்டிப்பிடிக்க முயன்றால், முதலில் எதிராளிக்கு உங்களை அடிக்க ஓர் இலவச வாய்ப்பு. அந்த அடி பட்டால் முயற்சி அங்கேயே முறிந்தது. தப்பினால் எதிராளியைத் தொட்டீர்களா என்று ஒரு பகடை. தொட்டால் இருவரும் எதிரெதிராக உருட்டும் இன்னொரு பகடை, அதில் உடல் பருமனுக்கு ஏற்பக் கூட்டல் கழித்தல். வென்றால் அவன் நிற்கும் கட்டத்துக்குள் நகர வேண்டும். அதற்குப் பிறகு, பிடியில் இருப்பவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தனியே ஒரு பட்டியல். யாராவது 'கட்டிப்பிடிக்கிறேன்' என்று சொன்னாலே மேசை முழுவதும் முனகல் எழும்.

முனகாதவர் ஒருவர்தான்: கணக்கர். புத்தகத்தைத் திறக்காமலே படிப்படியாகச் சொல்வார். எங்களில் மூத்தவர் அவர். விஸ்கான்சினிலேயே பிறந்து, சிறுவனாக 1979இன் நூல்களில் ஆடத் தொடங்கியவர். அந்நாளில் மல்லுக்கட்டு சதவீதக் கணக்காக இருந்தது என்பார். இரண்டாம் பதிப்பு வரை கவசத்தின் எண் குறையக் குறையக் காப்பு வலுவாகும். 2000இல் அது தலைகீழானது, எண் கூடினால்தான் காப்பு. 'பாதி வாழ்நாள் கழித்தலாகப் படித்ததை ஒரே கோடையில் கூட்டலாக மாற்றிக்கொண்டேன்' என்று சொல்லும்போது அவர் குரலில் பெருமைதான் இருக்கும், புகார் இருக்காது.

அவருடைய பாத்திரம் முள்சங்கிலி ஏந்திய ஒரு குள்ளர் இனப் போர்வீரன். மூன்றரையில் முள்சங்கிலி விசேஷமான ஆயுதம். பத்தடி தள்ளி நிற்பவனையும் எட்டும், அருகே நிற்பவனையும் தாக்கும், காலை வாரி வீழ்த்தவும் உதவும். அதற்குரிய திறன்களை ஒவ்வொரு நிலையிலும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்து, யாரும் அணுக முடியாத ஒரு வட்டத்தைத் தன்னைச் சுற்றி அவர் உருவாக்கியிருந்தார். 2009இல் ஓர் இரவு அந்தக் குள்ளன் செத்தான். எங்கள் பூசாரி மந்திரத்தால் அவனை எழுப்பினார். மூன்றரையின் விதிப்படி, அப்படி மீண்டு வருபவன் ஒரு நிலையை இழக்க வேண்டும். அதனால் நாங்களெல்லாம் 12ஆம் நிலையில் நின்றபோது அவன் 11இல் நின்றான். தாளின் ஓரத்தில் 'இறந்த நாள்' என்று தேதியிட்டு எழுதி வைத்திருந்தார் கணக்கர்.

2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது நாங்கள் மாறவில்லை. கேரி கைகாக்ஸ் மார்ச் மாதம் மறைந்திருந்தார். ஜூனில் புதிய நூல்கள் கடைக்கு வந்தன. புரட்டிப் பார்த்தோம். எங்களில் இருவருக்குப் பிடித்தும் இருந்தது. கணக்கர் ஒன்றும் சொல்லாமல் தம் பழைய நூலின் கிழிந்த முதுகுக்குப் பசைநாடா ஒட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு யாரும் பேச்சை எடுக்கவில்லை.

*

2015 தொடக்கத்தில் பேச்சை எடுத்தவர் செவிலியர். அவர்தான் எங்கள் டிஎம். மூன்றரையில் அரக்கர்களும் ஏறத்தாழ வீரர்களைப் போலவே கட்டப்படுகிறார்கள். ஒவ்வொரு பூதத்துக்கும் திறமைப் புள்ளிகள், சிறப்புத் திறன்கள், மந்திரங்கள், கூட்டல்கள். பாத்திரங்கள் உயர்நிலைக்கு வரவர ஒரு வெள்ளிக்கிழமைக்குத் தயாராக ஒரு ஞாயிறு முழுவதும் போய்விடும். ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு நொடி. ஐந்து சுற்றுச் சண்டை அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை முடிக்க எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

'எனக்கு இரவுப் பணி கூடிவிட்டது. இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இனி என்னால் நடத்த முடியாது. ஐந்தாம் பதிப்பு என்றால் நடத்துகிறேன். இல்லையென்றால் வேறு யாராவது இந்த நாற்காலியில் உட்காருங்கள்' என்றார்.

யாரும் உட்கார முன்வரவில்லை. அதற்குள் இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. தமிழர்களில் ஒருவரின் மகளுக்கு அப்போது 13 வயது. மாடிப்படியில் அமர்ந்து எங்களைப் பார்த்தே வளர்ந்தவள், தானும் ஆட வேண்டும் என்றாள். மூன்றரையின் பாத்திரத் தாளைக் கையில் கொடுத்தோம். வருமான வரிப் படிவம் போல இருக்கிறதே என்றாள். கணக்கர் உட்பட எல்லோரும் சிரித்தோம். சிரித்தாலும் தாள் மேசையிலேயே கிடந்தது. ஐந்தாம் பதிப்பின் நூலை அவள் ஒரு வாரத்தில் படித்து முடித்தாள். சாதகமான நிலையில் இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள், பாதகமென்றால் சிறியதை எடு. பழைய நூலில் பக்கம் பக்கமாகக் கிடந்த கூட்டல் கழித்தல்களில் பெரும்பகுதியை இந்த ஒரு விதி விழுங்கியிருந்தது. மல்லுக்கட்டு, ஒருவருக்கொருவர் எதிராக உருட்டும் ஒரே பகடையாகச் சுருங்கியிருந்தது.

மாறுவதென்று முடிவாயிற்று. எப்படி மாறுவது என்பதில்தான் தவறு செய்தோம்.

பதினொரு ஆண்டுக் கதையை விட மனமில்லை. ஆகவே பாத்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போவோம் என்றோம். நூலகரின் மந்திரவாதிக்கும் ஆசிரியரின் திருடனுக்கும் இடமாற்றம் எளிதாக முடிந்தது. குள்ளனிடம் வந்து நின்றோம். ஐந்தாம் பதிப்பின் நூலில் முள்சங்கிலியே இல்லை. காலை வாரி வீழ்த்தும் கலை, ஒருவகைப் போர்வீரனுக்குரிய தனித் தந்திரமாக இருந்தது. அந்த நிலையில் அப்படிப்பட்ட தந்திரங்கள் ஓய்வுக்கு ஓய்வு ஐந்து முறைதான். யாரையும் தள்ளி விழச்செய்யும் பொது விதி தனியே உண்டு என்று எடுத்துக் காட்டினோம்.

'தள்ளிவிடுவதை யாரும் செய்யலாம். இவன் யாரோ அல்ல' என்றார் கணக்கர்.

பிறகு அந்த இழந்த நிலை. ஐந்தாம் பதிப்பில் மீண்டு வருபவன் சில நாள் தளர்வோடு இருப்பான், நிலை எதையும் இழப்பதில்லை. அப்படியானால் குள்ளனுக்கு அவன் இழந்ததைத் திருப்பிக் கொடுத்து 12ஆம் நிலைக்கு உயர்த்திவிடலாமே என்று ஆசிரியர் பெருந்தன்மையோடு சொன்னார். கணக்கர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

'அவன் செத்தது நடந்த விஷயம். புதிய சட்டம் வந்துவிட்டது என்பதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று எழுத முடியுமா?'

அவரைச் சமாதானப்படுத்த நாங்கள் ஒரு கலப்பு வழியைக் கண்டுபிடித்தோம். ஐந்தாம் பதிப்பின் பகடை, மூன்றரையின் சங்கிலி. அதன் மரணம், இதன் மந்திரம். நான்கு பக்கத்துக்கு விலக்குகள் எழுதி அச்சிட்டோம். நான்கு பக்கம் இரண்டு மாதத்தில் ஒன்பதாயிற்று. ஒவ்வொரு சண்டையிலும் எந்த விதி எந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது என்ற வழக்கு. ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சிறுமி, 'நாம் இப்போது எந்தப் புத்தகத்தில் இருக்கிறோம்?' என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவரைப் பார்த்தோம். கணக்கர் தமக்கு முன்னிருந்த அந்த ஒன்பது பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் தேடி நாங்கள் பார்த்ததே இல்லை.

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு வெள்ளியும் வரவில்லை.

*

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் வராத முதல் இரவில் ஆட்டம் வேகமாக ஓடியது. குறுக்கே பேச ஆளில்லை, பக்க எண் சொல்ல ஆளில்லை. வெளியே பனியில் காரைச் சுரண்டிக்கொண்டு நின்றபோது எங்களில் ஒருவர், 'நிம்மதியாக இருந்தது அல்லவா' என்றார். மற்றவர்கள் மறுக்கவில்லை.

மூன்றாம் வாரம் இருவர் அவர் வீட்டுக்குப் போனோம். வரித்தாக்கல் காலம், சமையலறை மேசையெங்கும் படிவங்கள். காப்பி கொடுத்தார். வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும் அவராகவே சொன்னார்.

'விதிகளைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மூன்று முறை மாறியவன், நான்காவது முறையும் மாறுவேன். ஆனால் முன்பெல்லாம் மாறியபோது எனக்கு இளவயது, மறுபடி முதல் ஆளாகக் கற்றுக்கொண்டேன். இப்போது அந்தக் குழந்தை என்னைவிட வேகமாகக் கற்கிறாள். அதிலும் தவறில்லை. வேலையில் இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை, மென்பொருளைக் கேட்கிறார்கள். வீட்டில் நான் ஒருவன்தான். வாரத்தில் ஓர் இரவுதான் யாரோ என் பக்கம் திரும்பி, இதற்கு என்ன விதி என்று கேட்கிறார்கள்.'

எங்களிடம் பதில் இல்லை. அவருடைய அறிவு எங்களுக்குத் தொந்தரவாகப் பட்ட அளவுக்கு அவருக்கு அது இருப்பிடமாக இருந்திருக்கிறது. நாங்கள் அவர் பாத்திரத்தைப் பெயர்ப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பெயர்க்கப்படுபவர் அவர் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் எங்களில் ஒருவர் தம் தாயாரைப் பற்றிச் சொன்னார். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, பாடநூல்களில் லையும் னையும் இன்றைய வடிவத்துக்கு மாறின. அம்மா மட்டும் கடைசிக் கடிதம் வரை யானையின் துதிக்கை போல் மேலெழுந்து வளையும் பழைய வடிவத்திலேயே எழுதினார். பிள்ளைகள் அதைத் திருத்தவில்லை. வாசிக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். 'அம்மாவின் பழைய கடிதங்களைப் புதிய எழுத்தில் பெயர்த்து எழுதினால் அவை அம்மாவின் கடிதங்களாக இருக்குமா?' என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் வழி பிறந்தது. குள்ளனைப் பெயர்க்க வேண்டாம். அவன் பிறந்த விதியிலேயே அவன் கதையை முடிப்போம். ஒன்பது பக்க விலக்குகளையும் தூக்கி எறிவோம். கடைசியாக ஓர் இரவு, முழுக்க முழுக்க மூன்றரை. அதன் பிறகு புதிய புத்தகம், புதிய பாத்திரங்கள், முதல் நிலை.

*

ஏப்ரலில் வரித்தாக்கல் முடிந்த வெள்ளிக்கிழமை அந்த இரவு. கணக்கர் தம் நூல்களைக் காகிதப் பையில் சுமந்துகொண்டு வந்தார். டிஎம் ஒரு ஞாயிற்றை அதற்காகச் செலவிட்டிருந்தார். மலைக்கோட்டை ஒன்றின் வாயில், உள்ளே ஊர்மக்கள், வெளியே ஒரு பூதம். கதவை மூட இரண்டு சுற்று வேண்டும், அதாவது 12 நொடி.

குள்ளனின் முறை வந்தது. கணக்கர் சங்கிலியைக் கீழே போட்டதாக அறிவித்தார். பிறகு, 'கட்டிப்பிடிக்கிறேன்' என்றார்.

யாரும் முனகவில்லை. அவர் எழுந்து நின்று ஒவ்வொரு படியாகச் சொன்னார், நாங்கள் கேட்டோம். பூதத்துக்கு முதலில் இலவச அடி. டிஎம் அந்தப் பகடையைச் சிறுமியிடம் கொடுத்தார். உருட்டினாள், நல்ல எண். பட்டது என்று அனைவரும் நினைத்தோம். கணக்கர் விரலை உயர்த்தினார். பூதங்களோடு பொருதிப் பழகிய இனம் என்பதால், அவற்றின் அடிக்கு எதிராகக் குள்ளர்களின் காப்பு எண் 4 கூடும். பதினொரு ஆண்டில் இரண்டு மூன்று முறைதான் பயன்பட்ட விதி. கூட்டிப் பார்த்தோம். அடி இரண்டு எண்ணில் தவறியது. ஐந்தாம் பதிப்பின் குள்ளர்களுக்கு அந்தப் பழக்கம் மறந்துபோயிருந்தது என்பதை நாங்கள் பிறகுதான் கவனித்தோம்.

தொட்டான். எதிர்ப் பகடை. பூதத்தின் பருமனுக்கு 4 கூடுதல், உடல்வலிமைக்கு அதற்கு மேலும். நியாயமாகக் குள்ளன் தோற்க வேண்டிய கணக்கு. சிறுமியின் பகடை 3இல் நின்றது, கணக்கருடையது 18இல். அடுத்த சுற்றில் பூதம் பிடியை உதற முயன்று மறுபடியும் தோற்றது. கதவு மூடியது. குள்ளன் கதவுக்கு வெளிப்பக்கம் இருந்தான்.

கடிகாரத்தில் நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. அதை நீளம் என்று யாரும் சொல்லவில்லை.

'அவன் என்ன ஆனான்?' என்று சிறுமி கேட்டாள். டிஎம் கணக்கரைப் பார்த்தார். 'அதற்கு விதி இல்லை' என்று சொல்லி அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 11ஆம் நிலை, ஓரத்தில் இறந்த நாள், எல்லாம் இருந்தபடியே.

*

மறுவாரம் புதிய புத்தகத்தோடு அமர்ந்தோம். கணக்கருக்கு அருகில் சிறுமி. அவள் அவரை மாமா என்று அழைக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். பொருள் தெரிந்துகொண்டு அவர் அதைப் பெயராகவே ஏற்றுக்கொண்டார். இப்போது எல்லோருக்கும் மாமாதான். முதல் மாதங்களில் அவள் பக்க எண் சொல்வாள், அவர் திறந்து வாசிப்பார். ஏன் இந்த விதி இப்படி மாறியது, முன்பு எப்படி இருந்தது என்று அவர் சொல்வார். பழையதை அறிந்தவருக்குத்தான் புதியது எதை விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று தெரியும். கேள்விகள் மறுபடி அவர் பக்கம் திரும்பின. 'என்ன விதி' என்று கேட்டவர்கள் 'ஏன் இந்த விதி' என்று கேட்கத் தொடங்கியிருந்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. நூலகர் அடுத்த ஆண்டு விலகிக்கொண்டார். புதிய ஆட்டம் தமக்குச் சற்றுத் தட்டையாகப்படுகிறது என்றார். அவர் இடம் வெகுநாள் காலியாக இருந்தது.

2024 செப்டம்பரில் ஐந்தாம் பதிப்பின் திருத்திய வீரர் நூல் வந்தது. பாத்திரத்தின் இனம் தரும் கூட்டல்கள் அதன் பின்புல வாழ்க்கைக்கு இடம் மாறின. மல்லுக்கட்டு மீண்டும் உருமாறியிருந்தது: இப்போது பிடிப்பவன் அதற்காக உருட்டுவதில்லை, பிடிபடுகிறவன்தான் தப்பிக்க உருட்டுகிறான். மாறலாமா என்று டிஎம் கேட்டார். எங்களுக்கு மறுப்பில்லை. மறுத்தவள், 22 வயதாகியிருந்த அந்தப் பெண்.

'இது என் புத்தகம் இல்லை' என்றாள். முதுகு கிழிந்த அவளுடைய 2014ஆம் ஆண்டு நூல் மேசைமேல் இருந்தது. பசைநாடாவால் ஒட்டியிருந்தாள்.

எங்களில் யாரோ சமாதானம் சொல்ல வாயெடுத்தோம். மாமா கையமர்த்தினார். அவளுடைய பாத்திரத் தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கேட்டார்:

'இதில் உனக்குப் பிடித்த விதி எது? அதைக் கடைசியாக ஒருமுறை ஆடிவிட்டுப் போகலாம்.'

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நாற்காலிகளை மேசைக்கு இழுத்துக்கொண்டோம்.